எலும்பு உறிஞ்சிய ஒரு துளி

அன்று மேடையில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். அந்தக் கதையில் வரும் தங்கை நான்தான் என்று சொல்லவில்லை. அக்கா என் கூடப் பிறந்தவள், வேறு ஊருக்குப் போய்விட்டாள், என்னோடு பேசுவதில்லை என்றும் சொல்லவில்லை. நூலகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ‘இன்றைய அறிவியல்’ பற்றிப் பேச அழைத்தபோது, கூட்டத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டுவீர்களா என்று மட்டும் கேட்டேன். காட்டுவோம் என்றார்கள். உடனே ஒப்புக்கொண்டேன். ஏன் கேட்டேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. அக்கா பார்க்கலாம் என்ற நினைப்புதான்.

மேடை எனக்குப் பழக்கமில்லை. வீட்டிலேயே அளந்து பேசுகிறவள். ஆனால் மேடைத் தமிழைப் படித்தும் கேட்டும் வளர்ந்திருக்கிறேன். நேராகச் சொல்ல முடியாததை அலங்காரத்தோடு சொல்லிவிடலாம் என்று அன்று தோன்றியது. அம்மாவும் கூட்டத்தில் இருந்தாள். பதிவைக் கேட்டு, நான் பேசியதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

*

இந்த மாலையைத் தலைமையேற்று நடத்தி, பேசுகிறவருக்குத் தண்ணீரும் கேட்கிறவருக்குப் பொறுமையும் வழங்கிக்கொண்டிருக்கும் அவைத் தலைவர் அவர்களே! பல்லாயிரம் நூல்களைக் காத்து நின்று, திருப்பித் தராதவர் முகத்தை மட்டும் ஒருபோதும் மறக்காத நூலகர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, இந்தச் சின்னப் பெண் என்னதான் சொல்லிவிடப் போகிறாள் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! கதவைப் பூட்டினோமா இல்லையா என்ற கவலையை மனத்தின் ஒரு மூலையில் வைத்துக்கொண்டே இங்கே வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரைத் தாங்கி நிற்கும் நண்பர்களே! இந்த அரங்கத்தில் இல்லாமல், எங்கோ ஓர் அறையில், ஏதோ ஒரு திரையில் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடியவர்களே! உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

அறிவியல் எங்கே வந்து நிற்கிறது என்று பேசச் சொன்னார்கள். அது ஓரிடத்தில் நின்றால் அல்லவா சொல்வதற்கு? ஒருவர் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை எடுத்து இன்னொருவர் உடம்பில் வாழவைக்கிறது மருத்துவம். மண்ணுக்குள் கிடந்த எலும்பைப் பேசவைக்கிறது பண்டை மரபியல். உடைந்த எலும்பின் இடைவெளியில், எலும்பைப் போலவே ஒரு பொருளைச் செய்து நிரப்புகிறது பொருளறிவியல். இந்த மூன்றும் தனித்தனிக் கட்டடம், தனித்தனிக் கல்லூரி, தனித்தனிக் கர்வம் என்று நினைத்திருந்தேன். மூன்றும் ஒரே துளியில் சந்தித்த கதை ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

(“சத்தமாச் சொல்லும்மா, பின்னாடி ஒண்ணும் கேக்கலை!” என்று ஒரு குரல்.)

சத்தமாகவே சொல்கிறேன் ஐயா. இவ்வளவு நாள் மெதுவாகச் சொல்லித்தான் யாருக்கும் கேட்கவில்லை.

அந்த ஆய்வுக்கூடத்தில் அக்கா தங்கை இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அக்கா பொருளறிவியல்காரி. உடைந்த எலும்பில் வைக்கும் வெள்ளைக் கட்டியைச் செய்கிறவள். பார்த்தால் சுண்ணாம்புக் கட்டி; உருப்பெருக்கியில் பார்த்தால் உள்ளே ஓராயிரம் ஓட்டை. அந்தத் துளைகளில்தான் நோயாளியின் ரத்தம் ஊறும், உயிரணு குடியேறும், புது எலும்பு வளரும். ஓட்டை போடுவதே வேலை என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘சல்லடை’.

தங்கை கீழ்த்தளத்தில் பழைய எலும்புகளோடு வாழ்கிறவள். கையுறைக்கு மேல் கையுறை, முகத்துக்குக் கவசம், தலைக்கு உறை, காலுக்கு உறை. தொட்டதையெல்லாம் ப்ளீச் போட்டுத் துடைப்பாள். வீட்டுக்குப் போனாலும் அந்த வாடை போகாது. அவளுக்கு அக்கா வைத்த பெயர் ‘ப்ளீச்சு’.

“ஏய் ப்ளீச்சு, தள்ளி உக்காருடி. கண்ணு எரியுது.”

“நீ பேசறதக் கேட்டா எனக்குக் காது எரியுது. நான் எங்க போய் உக்கார்றது?”

இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். மின்விசிறி எந்த வேகத்தில் சுழல வேண்டும்? ஜன்னல் எவ்வளவு திறந்திருக்க வேண்டும்? பற்பசையை நடுவில் அழுத்துவது நாகரிகமா? இந்த மாபெரும் கேள்விகளுக்காகப் போர் நடக்காத நாளே அந்த வீட்டில் இல்லை. அன்பு என்ற சொல்லை அவர்கள் ஒருவரிடம் ஒருவர் சொன்னதில்லை. சண்டை இருந்தது, அந்தச் சொல்லுக்குத் தேவை வரவில்லை.

அந்த அக்காவின் ரத்தத்தில் ஒருநாள் நோய் வந்தது. மஜ்ஜை கெட்டுவிட்டது, பொருந்துகிற மஜ்ஜை வேண்டும் என்றார்கள். தங்கையுடையது அச்சு அசலாகப் பொருந்தியது. ஒரு சிறிய பையில், சிவப்பாக, சொட்டுச் சொட்டாக அது அக்காவுக்குள் இறங்கியது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலையோடு படுத்திருந்த அக்கா கையை உயர்த்தி, ‘கண்ணு எரியுது, தள்ளிப் போ’ என்று சைகை காட்டினாள். பிழைத்துக்கொள்வாள் என்று தங்கைக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பிழைத்தாள். மருத்துவம் வென்றது. தலைவர் அவர்களே, கைதட்டலாம். ஆனால் இங்கேதான் கதை தொடங்குகிறது.

மஜ்ஜை மாறியவரின் உடம்பில் ஓர் அதிசயம் நடக்கும். முடி அவருடையது. தோல் அவருடையது. ஆனால் ரத்தத்தை எடுத்து அதிலுள்ள டி.என்.ஏ.வைப் படித்தால், மஜ்ஜை கொடுத்தவருடைய எழுத்து இருக்கும். ஒரே உடம்பில் இரண்டு பேர்! இதை மருத்துவர் சொன்னார். மருத்துவர் சொன்னதோடு விட்டார். சொந்தக்காரர்கள் விடுவார்களா?

சித்தி வந்தாள்: “உன் தங்கச்சி போட்ட உயிருடி இது.” மாமா வந்தார்: “அவளுக்குக் கோயில் கட்டினாலும் தகும்.” பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், எதிர்வீட்டுக்காரர் வந்தார். வந்தவர்கள் எல்லோரும் தங்கையின் தலையைத் தடவினார்கள். அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். ஒருநாள் மாலை வழக்கம்போல ஒரு போர் மூண்டது.

“ஃபேனைக் குறைடி, குளிருது.”

“போர்வை எதுக்கு இருக்கு?”

“உனக்கு வேர்த்தா நீ போய் ஹால்ல உக்காரு.”

அப்போது அவர்களுடைய அம்மா உள்ளே இருந்து சொன்னாள். நல்ல மனத்தோடுதான் சொன்னாள்: “பெரியவளே, அவ ரத்தம்தான் உன் உடம்புல ஓடுது. ஒரு ஃபேனுக்குப் போய் அவகிட்ட மல்லுக்கு நிக்கறியே. விட்டுக்கொடு.”

அக்கா எழுந்தாள். மின்விசிறியை முழு வேகத்தில் திருப்பினாள். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பெரியோர்களே, அந்த வீட்டில் முதல் முறையாகத் தங்கை ஒரு சண்டையில் வென்றாள். அப்படி ஒரு தோல்வியை அவள் அதற்குமுன் அறிந்ததில்லை.

அதன் பிறகு அக்கா எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுத்தாள். ஜன்னலுக்கு விட்டுக்கொடுத்தாள். பற்பசைக்கு விட்டுக்கொடுத்தாள். தங்கை வேண்டுமென்றே வம்புக்கு இழுத்துப் பார்த்தாள். “நீ சொன்னா சரிம்மா” என்று பதில் வந்தது. ‘டி’ போய் ‘ம்மா’ வந்துவிட்டது! ஒரு நாள் பெட்டியைக் கட்டினாள். வேறு ஊரில் வேலை.

“என் மேல என்ன கோபம் உனக்கு?” என்று தங்கை வாசலில் நின்று கேட்டாள்.

“கோபமே பட முடியலைடி. அதான் போறேன்.”

போனாள். அதற்குப் பிறகு அவள் தங்கையை அழைக்கவில்லை. தங்கை அழைத்தபோது எடுக்கவில்லை.

(தலைவர் இந்த இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.)

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும். நான் சொல்லப்போகும் எலும்பு நாலாயிரம் ஆண்டு மண்ணுக்குள் காத்துக் கிடந்தது. நாம் கொஞ்ச நேரம் காத்திருந்தால் குறைந்துவிட மாட்டோம்.

அது ஒரு தொடை எலும்பின் துண்டு. அதைப் படிக்கும் வேலை தங்கையிடம் வந்தது. எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குச் சேர்ந்தவுடன் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்துக்கொள்வார்கள். எலும்பின் பக்கம் போகக்கூடிய ஒவ்வொருவரின் டி.என்.ஏ.வும் கணினியில் இருக்கும். எதற்கு? நாங்கள் தும்மியிருந்தால் காட்டிக்கொடுப்பதற்கு! பண்டைக் காலத்துப் பேரழகியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஊரைக் கூட்டி அறிவித்த பிறகு, அது மதியம் மூக்கைச் சொறிந்த உதவியாளர் என்று தெரிய வந்தால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

(சிரிப்பு.)

இன்னொன்றும் கேளுங்கள். பழைய டி.என்.ஏ. முழுதாக இருக்காது. தூள் தூளாக உடைந்திருக்கும். ஒவ்வொரு துண்டின் நுனியும் சிதைந்திருக்கும். உடைந்திருந்தால் நம்புவோம். முழுதாக இருந்தால், ‘இது நேற்றைய ஆள்’ என்று தூக்கி எறிவோம். முழுமையைச் சந்தேகித்து முறிவை நம்புகிற இப்படி ஒரு நீதிமன்றம் வேறெங்காவது உண்டா?

அந்தத் தொடை எலும்பின் முடிவு திரையில் வந்தது. உடைந்த துண்டுகள் இருந்தன, நல்லது. அவற்றுக்கு நடுவில் முழுத் துண்டுகளும் இருந்தன. யாருடையது என்று கணினியிடம் கேட்டார்கள். அது யோசிக்கவே இல்லை. தங்கையின் பெயரைச் சொன்னது.

ஆய்வுக்கூடத் தலைவர் ஒரு விசித்திரமான மனிதர். எலும்புகளிடம் மெதுவாகப் பேசுவார், மனிதர்களிடம் கத்துவார்.

“கையுறை இல்லாமத் தொட்டியா?”

“இல்ல சார். நான் அதைத் தொடவே இல்லை. துளை போட்டு எலும்பு மாவு எடுத்தது வேற ஆள்.”

“அப்ப உன் டி.என்.ஏ. பஸ் புடிச்சு வந்துச்சா?”

“எனக்கும் தெரியலை சார்.”

“தெரியலைன்னா என்ன அர்த்தம்? உன் கை பட்டது இது ஒண்ணுலதான்னு எப்படி நம்பறது? இந்த வருஷம் நீ எடுத்ததெல்லாத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.”

தங்கை தன்னையே சந்தேகிக்கத் தொடங்கினாள். உறையைக் கழற்றிய நேரத்தில் விரல் பட்டதா? முடி ஒன்று பறந்ததா? எச்சில் தெறித்ததா? தேடத் தேட அவளிடம் எதுவும் இல்லை. அப்புறம் வேறு ஒரு கேள்வி கேட்டாள்: இந்த எலும்பு நம்மிடம் வருவதற்கு முன்னால் எங்கே இருந்தது?

மேல்தளத்தில் இருந்தது. சல்லடையிடம் இருந்தது.

அக்கா பிழைத்து வேலைக்குத் திரும்பிய நாட்கள் அவை. பழைய எலும்பின் துளைகள் எப்படி நிலைத்திருக்கின்றன, அதே வடிவில் தன் கட்டியைச் செய்ய முடியுமா என்று பார்ப்பதற்காக அதை ஸ்கேன் எடுத்திருக்கிறாள். கீழ்த்தளத்துக்காரர்களுக்கு எலும்பு ஓர் ஆள். மேல்தளத்துக்காரர்களுக்கு எலும்பு ஒரு பொருள். பொருளை அவர்கள் வெறுங்கையால்தான் தடவுவார்கள். சொரசொரப்பை விரல் சொல்ல வேண்டும் அவர்களுக்கு.

ஆய்வுக்கூடத் தலைவர் அக்காவைப் போனில் அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டார். தங்கை மேசையின் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏம்மா சல்லடை, அந்தத் தொடை எலும்பு ஸ்கேன் எடுத்தியே, அப்ப கையில ஏதாவது காயம் பட்டுச்சா?”

“காயம்லாம் இல்ல சார். உடைஞ்ச பக்கம் விரல்ல லேசாக் கீறிச்சு. உடனே துடைச்சிட்டேன். ஏன் சார்?”

வெகுகாலம் கழித்துக் கேட்கும் குரல். சளி பிடித்திருந்தது அந்தக் குரலில். ஆவி பிடிக்கச் சொல்ல யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா? தங்கை போனை நோக்கி ஓர் அடி முன்னால் வந்தாள்.

“ஒண்ணுமில்ல. உன் ரத்தம் உள்ள போயிருக்கு. உன் பழைய எச்சில்தான் எங்ககிட்ட இருக்கு, உடம்பு சரியில்லாம போறதுக்கு முன்னாடி எடுத்தது. அதான் மெஷினுக்கு உன்னைத் தெரியலை. உன் தங்கச்சின்னு சொல்லுது. அவளும் இங்கதான் நிக்கிறா. பேசறியா?”

தாய்மார்களே, அடுத்து என்ன கேட்டது தெரியுமா? போனில் மூச்சு கேட்டது. அங்கே ஒரு மின்விசிறி சுழலும் சத்தம் கேட்டது. வேகமாகவா, மெதுவாகவா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள் தங்கை.

“இல்ல சார். மீட்டிங் இருக்கு” என்றாள் அக்கா.

(“அப்புறம் பெரியவ பேசினாளா இல்லையா?” என்று நடுவரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்டார்.)

நீங்கள் கேட்பதைத்தான் அம்மா நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

துடைத்துவிட்டாள், மேலே துடைத்துவிட்டாள். ஆனால் எலும்பு உறிஞ்சும். ஒரு துளியைத் துளை வழியாக இழுத்து, ப்ளீச் தொடாத ஆழத்துக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டது. மேல்தளத்துப் பொருளறிவு, கீழ்த்தளத்து மரபறிவு, கண்ணாடிச் சுவருக்குள் நடந்த மருத்துவம் எல்லாம் ஒரு கீறலில் வந்து கூடின. கூடிய பிறகு என்ன சொன்னது அந்தக் கணினி? ‘இது தங்கை’ என்றது. சித்தியும் மாமாவும் சொன்னதையே அதுவும் சொன்னது.

நான் கேட்கிறேன். அது தங்கையா? அந்தத் துளி தங்கையா?

எழுத்து தங்கையுடையது, மறுக்கவில்லை. துளி யாருடையது? அது எங்கே உருவானது? அக்காவின் எலும்புக்குள். எதை உண்டு உருவானது? அக்கா உண்ட உணவை. எந்த மூச்சால் சிவந்தது? அக்கா இழுத்த மூச்சால். எந்தக் கோபத்தில் கொதித்தது, எந்த வெட்கத்தில் கன்னத்தில் ஏறியது, எந்த வாசற்படியில் ‘போறேன்’ என்று சொன்னபோது தலைக்கேறி, கண்ணைச் சிவக்கவைத்தது? தங்கை கொடுத்தது ஒரு சிறிய பை. அந்தப் பையில் இருந்த சிவப்பணு ஒவ்வொன்றும் சில மாதங்களிலேயே வாழ்ந்து முடிந்துவிட்டது. அன்றுமுதல் அந்த உடம்பில் ஓடும் ஒவ்வொரு துளியும் அக்கா ஆக்கியது, அக்கா வளர்த்தது, அக்காவே காத்தது! பேனாவை இரவல் கொடுத்தவர், எழுதிய கடிதத்துக்கெல்லாம் கையெழுத்துப் போட முடியுமா? தீக்குச்சி கொடுத்தவர், அந்த வீட்டு வெளிச்சத்துக்கெல்லாம் சொந்தம் கொண்டாட முடியுமா?

நன்றி சொல்லும்படி அந்தத் தங்கை கேட்கவில்லை. கேட்காத நன்றியை ஊரே வசூலித்துக் கொடுத்தது. அந்தச் சுமையில் ஓர் அக்கா ஊரை விட்டுப் போனாள். தங்கைக்கு மிஞ்சியது என்ன? தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள ஒரு மின்விசிறி. தன் இஷ்டத்துக்குத் திறக்க ஒரு ஜன்னல். நடுவில் அழுத்த ஆளில்லாத பற்பசை.

அந்தத் துளியை என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். நீக்கினார்கள். அதுதான் முறை. கணினியில் அதற்குக் ‘கலப்படம்’ என்று பெயர். நீக்கும் வேலையும் தங்கையிடமே வந்தது. திரையில் அந்த முழுத் துண்டுகள் வரிசையாக நின்றன. ஒரு சிதைவும் இல்லை. நேற்று எழுதியது போல் இருந்தன. விரலை விசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நீக்கியாச்சா?”

“இதோ சார்.”

“இதோன்னா எப்பம்மா?”

அழுத்தினாள். நாலாயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒருத்திக்குச் செய்ய வேண்டிய மரியாதை அது. முழுத் துண்டுகள் மறைந்தன. உடைந்த துண்டுகளிலிருந்து அந்தப் பெண் மெல்ல மெல்ல வந்தாள். அவள் கண்ணின் நிறம் தெரிந்தது. எந்த நோய் அவளை அண்டாது என்பது தெரிந்தது. யாருக்கு உறவு என்பதுகூடத் தெரிந்தது. ஆனால் அவைக்குச் சொல்கிறேன், அவள் யாரோடு சண்டை போட்டாள் என்பதைச் சொல்ல எந்த இயந்திரமும் இன்னும் வரவில்லை. அதைச் சொல்ல அந்தக் காலத்தில் ஒருத்தி இருந்திருப்பாள். அவளும் மண்ணாகிவிட்டாள்.

ஆகவே, உயிரோடு இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாற்று மஜ்ஜை வருகிறது. மாற்று எலும்பு வருகிறது. நாளை மாற்று இதயமும் வரும். கொடுப்பவர்கள் பெருகட்டும். ஆனால் பெற்றவரின் கோபத்தை யாரும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். உயிர் பெற்றவருக்கு உரக்கப் பேசவும் உரிமை உண்டு. எங்கோ ஒரு திரையின் முன் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தால் அவளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்தத் துளி உன்னுடையது. முழுக்க முழுக்க உன்னுடையது. யாருக்கும் எதற்கும் நீ விட்டுக்கொடுக்க வேண்டாம். உன் தங்கை தோற்பதற்குக் காத்திருக்கிறாள். வா, வந்து சண்டை போடு!

என் குரலுக்கு இவ்வளவு நேரம் இடம் கொடுத்த செவிகளுக்கும், கடிகாரத்தைப் பார்த்தும் மணியை அடிக்காத தலைவருக்கும், பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்ட அந்த அம்மாவுக்கும் நன்றி. வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் வணக்கம்.

*

வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது, “நான் அப்படியாடி சொன்னேன்?” என்று கேட்டாள். “ஆமாம்மா” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா அழைத்தாள்.

“என்னடி மேடையில உளறியிருக்கே? துளை இருந்தா உறிஞ்சிருமா? துளைக்கும் துளைக்கும் நடுவுல வழி இருக்கணும். வழி இல்லைன்னா ஒரு சொட்டுகூட உள்ள போகாது. தெரியாததைப் பத்தி எதுக்குப் பேசறே?”

“எல்லாருக்கும் புரியற மாதிரி சொன்னேன்.”

“தப்பாச் சொன்னா எல்லாருக்கும் புரியுமா? அப்புறம், ஊர் முழுக்க என்னைச் சல்லடைன்னு சொல்ல உனக்கு யாரு உரிமை கொடுத்தது?”

“உன் பேரைச் சொல்லலையே.”

“சல்லடைன்னா நம்ம லேப்ல எவனுக்குத் தெரியாது?”

வெகுநேரம் சண்டை போட்டோம். அம்மா வந்து அறை வாசலில் நின்றாள். யாரையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. சளி போய்விட்டதா என்று நான் கேட்க வாயெடுத்தபோது அக்கா கோபத்தில் போனை வைத்துவிட்டாள். இன்னும் வீட்டுக்கு வரவில்லை.